ஒரே வகுப்பார்

(கழுகுமலையில் கூடிய நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளித் தோழமை என்னும் பொருளைப்பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். நான் பிரசங்கம் செய்து பழகியவனல்லேன். வெளியூர்களிலே முப்பத்தைந்தாண்டுக் காலம் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கிவிட்டு, முதுமையிலே பிறந்த ஊருக்குத் திரும்பியவன். கணக்கிலே பிழை நேர்ந்தால் அதனைச் சுரண்டி அழித்தலாகாது. எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கோடிட்டு, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்திலே கையொப்பமிட வேண்டும். இதுவே எங்கள் தொழிலின் முதற்பாடம். நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதை இன்று உங்கள் முன்னிலையில் கோடிட்டுத் திருத்திக் கையொப்பமிடவே வந்திருக்கிறேன்.

நாங்கள் இவ்வூர் உயர்நிலைப் பள்ளியிலே 1974-ஆம் ஆண்டு பள்ளியிறுதிப் பரீட்சை எழுதியவர்கள். அந்நாளிலே பதினோராம் வகுப்பே பள்ளியின் இறுதி வகுப்பு. ஐம்பதாண்டு நிறைவுற்ற 2024-ஆம் ஆண்டிலே, உடன் படித்தவர்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி ஒரு விழாக் கொண்டாட வேண்டுமென்று நண்பர் சிலர் விரும்பினார்கள். கணக்குப்பிள்ளையாயிற்றே என்று அழைப்பிதழ் அனுப்பும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பரீட்சை எழுதியவர்களின் பட்டியலைத் தேடிப் பெற்றேன். அதிலே 38 பெயர்கள் இருந்தன. பெங்களூரிலும் பம்பாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்களுடைய விலாசங்களைக் கண்டுபிடிப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமன்று. விழாவும் சித்திரை மாதத்திலே சிறப்பாகவே நடந்தேறியது. பொன்னாடைகள் போர்த்தினோம், ஆசிரியப் பெருமக்களை வணங்கினோம், வடை பாயசத்தோடு விருந்துண்டோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம். ஒரு குறையும் நேரவில்லையென்று உள்ளம் பூரித்து அன்றிரவு உறங்கினேன்.

மறுநாட் காலையிலே, வாடகைக்கு எடுத்த பாத்திரங்களை ஒப்படைக்கப் போனேன். கடைக்காரர் அண்டாக்களையும் வாளிகளையும் கரண்டிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். எண்ணி முடித்தபின் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க இருபத்திமூணாம் நம்பருல்லா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாத்திரக் கணக்கிலே ஏதோ சொல்லுகிறார் என்றெண்ணினேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் முப்பத்தொண்ணு" என்றார். அப்பொழுதுதான் விளங்கிற்று. ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலே என் எண் 23. அவர் எண் 31. எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி அமர்ந்திருந்தவர். மழை பொய்த்த ஒரு வருஷத்திலே, ஒன்பதாம் வகுப்பின் நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்கப் போய்விட்டவர். நாங்கள் முதல்நாள் உண்ட சோறு வெந்தது அவர் கொடுத்த அண்டாவிலே. அவருக்கு நாங்கள் இலை போடவில்லை. இவையெல்லாம் ஒருபுறமிருக்க, என்னோடு ஒரே கூரையின்கீழ் நான்காண்டுகள் படித்த தோழர் என்னைச் "சார்" என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லே என்னை வெட்கத்தால் தலைகுனியச் செய்தது.

பின்பு அவர் கடைத் திண்ணையிலே உட்கார்ந்தபடி, எங்கள் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை மனப்பாடமாகச் சொன்னார். 57 பெயர்கள்! ஒவ்வொரு பெயரையும் சொல்லி, இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார், இன்னார் இல்லை என்று விவரமும் கூறினார். ஒருவர் திருப்பூரிலே பனியன் கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறார். ஒருவர் ஆட்டுக் கிடை போட்டுக்கொண்டு சீமை சீமையாகத் திரிகிறார். கடைசி எண்களிலே இருந்த பெண்மக்களில் இருவர் பக்கத்துக் கிராமங்களிலே பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பிலே எனக்கு வலப்பக்கத்தில் அமர்ந்து, என் பேனா கசிந்த பரீட்சை நாளிலே தன் பேனாவை எனக்குத் தந்துவிட்டு, வாத்தியாரிடம் பென்சிலால் எழுத உத்தரவு கேட்ட தோழர், அந்த மாசி மாதத்திலேதான் காலமானார். அவர் வீடு, நாங்கள் விழாக் கொண்டாடிய மண்டபத்திலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது. சிங்கப்பூர் விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்த எனக்கு, நான்காம் தெருவிலே நோயுற்றுக் கிடந்தவரைத் தெரியவில்லை.

38-க்கும் 57-க்கும் இடையிலே 19 பெயர்கள். இதுவே நான் செய்த பிழை.

கல்லிலே எழுதிய பெயர்கள்

அன்று மாலை வீட்டிலே இருப்புக் கொள்ளவில்லை. மலைமேல் ஏறினேன். இவ்வூரிலே பிறந்தவர்கள் மனம் கலங்கினால் போகுமிடம் அதுதானே!

நம் கழுகுமலையின் பாறையிலே தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். சிறு பிள்ளைகளாய் இருந்தபோது அந்த வரிசைகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை தவறி, மறுபடியும் எண்ணி விளையாடியிருக்கிறோம். அவ்வுருவங்களின் கீழே வட்டெழுத்திலே சிறு சிறு கல்வெட்டுக்கள் இருக்கின்றன. ஏறக்குறைய ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, பாண்டியர் காலத்திலே வெட்டப்பட்டவை. அவற்றிலே பெரும்பாலும் இருப்பவை யாவை? வெற்றிப் புகழ்ச்சிகளல்ல, பெயர்களே. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி என்றும், இன்ன ஆசிரியரின் மாணாக்கர் இன்னார் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். குரத்தியர் என்று வழங்கப்பெற்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றிலே உண்டு; அவர்களுடைய மாணாக்கியரும் உண்டு.

சமண முனிவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே கல்வியும் போதிக்கப்பட்டமையால்தான், கல்வி கற்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடம் என்னும் பெயர் ஏற்பட்டதென்று அறிஞர் கூறுவர். அப்படியானால் நம் மலை ஒரு பழைய பள்ளிக்கூடம்; அந்தப் பாறை அதன் வருகைப் பதிவேடு. ஆசிரியரையும் மாணாக்கரையும், ஆண்களையும் பெண்களையும், தூரத்து ஊராரையும் பக்கத்து ஊராரையும் அது ஒன்றாகவே தாங்கி நிற்கிறது. பரீட்சையிலே தேறியவர் யார், தேறாதவர் யார் என்று அது கேட்கவில்லை.

அதே மலையிலே வெட்டுவான் கோயில் இருக்கிறது. ஒரே பாறையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, விமானமும் சிகரமும் சிற்பங்களுமாய் அமைத்த அந்தக் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. அதனுடைய மேற்பகுதி கண்ணைக் கவரும்படி முடிந்திருக்கிறது. அடிப்பகுதியோ முடிவு பெறாமல் நின்றுவிட்டது. அது முடியவில்லையே என்று யாரும் அதை இகழ்வதில்லை. அதைக் காண்பதற்குத் தூர தேசங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். முடிவு பெறாத கோயிலை நம் ஊரின் பெருமையென்று சொல்லிக்கொள்ளுகிற நாம், முடிவு பெறாத படிப்பை உடைய தோழரை விருந்துக்கு அழைக்கவில்லை! அன்று அந்தப் பாறையின்மேல் அமர்ந்து இதை நினைத்தபோது எனக்கு உண்டான துக்கத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

இடைசெவலின் இரு தோழர்

ஊரை விட்டுப் போனவர்கள் பெரியவர்கள், ஊரிலே தங்கியவர்கள் சிறியவர்கள் என்னும் ஓர் எண்ணம் நம்மவர் உள்ளத்திலே வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் தவறென்பதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டுவதில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவல் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிற்றூரிலே சற்றேறக்குறைய ஒரே காலத்தில் பிறந்து, ஒரே புழுதியிலே விளையாடி வளர்ந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி பள்ளியிறுதிப் படிப்பை முடித்தார். சென்னைக்குச் சென்று பத்திரிகைத் தொழிலிலே ஈடுபட்டார். 1952-ஆம் ஆண்டிலே மலேயாவுக்குக் கப்பலேறிக் கோலாலம்பூரிலே "தமிழ் நேசன்" பத்திரிகையில் பணியாற்றினார். ராஜநாராயணனுக்கோ பள்ளிப் படிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கியதுதான் தமக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு என்று அவரே வேடிக்கையாகச் சொல்லுவது வழக்கம். அவர் ஊரிலேயே இருந்து கரிசல் நிலத்தை உழுதார்.

ஒருவர் பட்டணம், ஒருவர் பட்டிக்காடு. ஒருவர் படித்தவர், ஒருவர் படிப்பை விட்டவர். உலகியல் வழக்கப்படி இவ்விருவருடைய சிநேகமும் ஐந்தாறு வருஷங்களிலே தேய்ந்து மறைந்திருக்க வேண்டும். அப்படி மறையவில்லை. காரணம் கடிதம். சென்னையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் அழகிரிசாமி தம் ஊர்த்தோழருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டேயிருந்தார். எழுதியவர் ஊர் ஊராக வீடு மாற்றியவர். பெற்றவரோ ஒரே வீட்டில் இருந்தவர். ஆகவே அக்கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க முடிந்தது ராஜநாராயணனால்தான். பின்னாளிலே அவை புத்தகமாக வெளிவந்தன. அழகிரிசாமி என்னும் மனிதரைத் தமிழ்நாடு இன்று நெருங்கி அறிகிறதென்றால், அதற்கு ஊரிலே தங்கிவிட்ட தோழரின் பெட்டியும் ஒரு காரணம்.

சபையோர்களே! இதிலே நமக்கொரு பாடம் இருக்கிறது. மரத்தின் கிளைகள் எட்டுத் திசையிலும் பரவலாம். அவை ஒன்றையொன்று அறிவது அடிமரத்தின் வழியாகவே. போனவர்கள் போனவர்களை மறந்துவிடுகிறார்கள். இருப்பவர்களே எல்லோரையும் நினைவிலே வைத்திருக்கிறார்கள். என் பாத்திரக்கடைத் தோழர் 57 பெயர்களையும் சொன்னதிலே ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் பழைய ஞாபகம். அவருக்கோ அது தினமும் கடந்துபோகும் தெரு.

அழகிரிசாமி 1970-ஆம் ஆண்டிலே, நாற்பத்தேழாம் வயதும் நிறையாமல் காலமானார். "அன்பளிப்பு" என்னும் நூலுக்காகச் சாகித்திய அகாதெமியின் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் மறைந்த பின்னரே கிடைத்தது. ராஜநாராயணன் "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்காக 1991-ஆம் ஆண்டு அதே பரிசைப் பெற்றார். படிப்பை நடுவில் விட்ட அவரை 1989-ஆம் ஆண்டிலே புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் புதுவையிலே அவர் உயிர் நீத்தபோது, அவருடைய உடல் இடைசெவலுக்கே கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. யார் பெரியவராவார், யார் சிறியவராவார் என்று பதினைந்து வயதுப் பரீட்சை எப்படி அறியும்?

மாலை எப்பொழுது போடுவது?

அழகிரிசாமிக்குப் பரிசு வந்த காலத்தைச் சொன்னேன். இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். நமக்கு அண்டையிலுள்ள எட்டயபுரத்திலே பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிலே படித்தவர் மகாகவி பாரதியார். 1921-ஆம் ஆண்டு செப்டம்பரிலே திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தபோது, அவருடைய கடைசி யாத்திரையிலே கூட நடந்தவர்கள் மிகச் சிலரே. அவருக்காக எட்டயபுரத்திலே மணிமண்டபம் எழும்பிற்று. "கல்கி" அவர்கள் முயன்று பொதுமக்களிடம் நிதி திரட்ட, 1947-ஆம் ஆண்டிலே ராஜாஜி அவர்கள் அதைத் திறந்துவைத்தார்கள். மண்டபம் எழுந்தது நல்ல காரியமே. ஆயினும் இடையிலே சென்ற ஆண்டுகள் இருபத்தாறு. அந்த மணியோசையை அவர் கேட்கவில்லை.

மகாகவிகளுக்கே இவ்விதமானால், சாதாரண மனிதராகிய நம் தோழர்களுடைய கதி என்ன? ஒருவர் இறந்த பிறகு, கைபேசியிலே ஒரு விரலால் "ஆழ்ந்த இரங்கல்" என்று அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அவர் உயிரோடிருந்தபோது, "நீர் எப்படி வாழ்ந்தீர்?" என்று ஒருமுறையேனும் கேட்டோமா? முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஒரு விபத்தும் செய்யாதவர், தகப்பனில்லாத தங்கையர் மூவரைக் கரையேற்றியவர், வானம் பார்த்த பூமியிலே கடனில்லாமல் பருத்தி விளைவித்தவர், பதினான்கு வயதிலே வாழ்க்கைப்பட்டுப் போய்த் தன் பெண்களை மட்டும் கல்லூரிவரை படிக்கவைத்த தாய் — இவர்களுடைய வாழ்க்கை கொண்டாடத் தகாததா? இவர்களுக்குப் போடும் மாலையின் வாசனையை இவர்களே முகர வேண்டாமா?

மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் 1999-ஆம் ஆண்டு வெளிவந்த தமது சுயசரிதையிலே, இராமேசுவரத்தில் தம்மோடு படித்த இளமைத் தோழர் மூவரை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஒருவர் தகப்பனாருக்குப்பின் கோயில் அர்ச்சகரானார். ஒருவர் யாத்திரிகர்களுக்கு வண்டி வசதி செய்துகொடுக்கும் தொழிலில் இறங்கினார். ஒருவர் ரயில்வேயிலே உணவுக் குத்தகை எடுத்தார். ஏவுகணையின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தவர், இம்மூவரும் என்ன ஆனார்கள் என்பதையும் மறவாமல் எழுதி வைத்தார். அர்ச்சகர் மகனும் முஸ்லிம் சிறுவனும் அருகருகே அமர்ந்திருந்ததைப் பொறாத ஓர் ஆசிரியர் அவர்களைப் பிரித்து வைத்ததையும், அர்ச்சகரே அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்ததையும் அவர் எழுதியிருக்கிறார்.

வகுப்பு என்னும் சொல்

இவ்விடத்திலே நான் ஒன்றைச் சொல்லத் துணிகிறேன். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

வகுப்பு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, பள்ளிக்கூடத்திலே ஒரே அறையில் படிக்கும் கூட்டம். மற்றொன்று, சாதி. நம் முன்னோர் "வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்" என்று பேசியது இந்த இரண்டாவது பொருளிலேதான். நமது சங்கம் இந்த இரண்டாம் வகுப்புக்காக ஏற்பட்டது. நம்மவருக்குக் கல்விச்சாலையும் உபகாரச் சம்பளமும் உத்தியோகமும் கிடைப்பதற்காக அது பட்ட சிரமத்தை நான் குறைத்துப் பேசுவேனல்லேன். நானே அச்சம்பளத்திலே படித்தவன்.

ஆனால் என் முதல் வகுப்பை எண்ணிப் பார்க்கிறேன். அந்த 57 பேரிலே நம்மவர் எத்தனை பேர் என்று அக்காலத்திலே எனக்குத் தெரியாது. இன்றைக்கும் எண்ணிப் பார்க்க மனமில்லை. எனக்குப் பேனா கொடுத்தவர் நம்மவரல்லர். பாத்திரக்கடைத் தோழரும் நம்மவரல்லர். இவ்வூர்த் தேரோடும் வீதியிலே 1895-ஆம் ஆண்டு வகுப்புக் கலகம் மூண்டு, வீடுகள் எரிந்து, உயிர்கள் மடிந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். இருதரப்பாரின் வழிவந்த பிள்ளைகளும் எண்பதாண்டுகள் கழியுமுன்னே ஒரே பெஞ்சிலே அமர்ந்து, ஒரே மைக்கூட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். வாத்தியார் பெயரை வாசிக்க, எல்லோரும் ஒரே குரலிலே "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

இது தானாக நேர்ந்ததன்று. ஆறாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்திக்கொள்ள நேர்ந்த காமராஜர் அவர்கள், 1954 முதல் 1963 வரை முதன்மந்திரியாக இருந்த காலத்திலே பட்டிதொட்டிகளிலெல்லாம் பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டம் 1956-ஆம் ஆண்டிலே நம் எட்டயபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியிலே உட்கார்ந்து ஒரே உலைச் சோற்றை உண்டார்கள். அந்தப் பந்தியிலே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஐம்பதாண்டுக்குப் பின் நாங்களே ஒரு பந்தி வைத்தபோது, தேறியவர்களுக்கு மட்டும் இலை போட்டோம்!

சாதிச் சங்கத்தின் மேடையிலே நின்று இதை ஏன் சொல்லுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பெயர்களைச் சேர்த்து வைப்பதிலே நமது சங்கத்துக்கு உள்ள பழக்கம் வேறு யாருக்கும் இல்லை. அங்கத்தினர் ஜாபிதா நம்மிடம் இருக்கிறது. பிறப்பு, திருமணம், மரணம் யாவும் மாதந்தோறும் நமது பத்திரிகையிலே அச்சேறுகின்றன. இந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் தாங்கள் படித்த வகுப்புக்கும் கொண்டுபோகட்டும் என்பதே என் விண்ணப்பம். அங்கே ஜாபிதாவின் எல்லை சாதியன்று, வருகைப் பதிவேடு.

ஈழத்தார் காட்டும் வழி

பள்ளித் தோழமையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். யாழ்ப்பாணத்தாரைப் பாருங்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி போன்றவற்றிலே படித்தவர்கள் 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னும், அதனைத் தொடர்ந்த யுத்தத்தினாலும் கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களிலே சிதறிப் போனார்கள். வீடு போயிற்று, நிலம் போயிற்று, உறவினர் திசைக்கொருவராயினர். ஆனால் போன இடங்களிலெல்லாம் தத்தம் பள்ளியின் பெயரால் பழைய மாணவர் சங்கங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். அச்சங்கங்களின் வழியாக ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். தாங்கள் படித்த பள்ளிகளுக்கும் பொருளுதவி செய்து வருகிறார்கள். சகலமும் இழந்தவர்களுக்குப் பள்ளியின் பெயர் ஒரு விலாசமாயிற்று. ஒன்றும் இழக்காத நாம், நான்கு தெருவுக்கு அப்பால் இருப்பவரை இழந்து நிற்கிறோம்.

செய்ய வேண்டுவன

வெறும் பேச்சினால் பயனில்லை. என் பிழையைத் திருத்தும் பொருட்டு, நாங்கள் இப்பொழுது செய்துவரும் சில காரியங்களைச் சொல்லுகிறேன். பிற ஆண்டுகளிலே படித்தவர்களும், பிற ஊரார்களும் தத்தமக்கு ஏற்றபடி இவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பெயர்ப் புஸ்தகம். நம் பக்கத்திலே கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் நோட்டு எழுதுகிறோம். பத்து ரூபாய் எழுதியவரையும் பெயர், ஊர், தகப்பனார் பெயரோடு எழுதி, அந்த நோட்டை இரண்டு தலைமுறைக்குப் பெட்டியிலே பூட்டி வைக்கிறோம். பணத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தைத் தோழர்களுக்கும் காட்டலாகாதா? பள்ளியிலே சேர்ந்த நாள்முதல் ஒரு நாளேனும் நம்மோடு படித்த ஒவ்வொருவர் பெயரையும் அப்புஸ்தகத்திலே எழுத வேண்டும். பரீட்சைப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாகாது. அதனை எழுதும் பொறுப்பு ஊரிலேயே இருப்பவரிடம் இருக்க வேண்டும். எங்கள் புஸ்தகம் இப்பொழுது 31-ஆம் எண்ணாரின் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது.

இரண்டாவது, சந்தா. விழாவென்றால் தலைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று விதிக்கிறார்கள். கூலி வேலை செய்பவர் அந்தத் தொகையைக் கேட்டவுடனே, அன்றைக்கு ஊரில் இல்லையென்று பொய் சொல்லிவிடுகிறார். அவர் சொல்லும் பொய்யின் பாவம் தொகையை விதித்தவரையே சேரும். மூடிய உண்டி ஒன்றை வைத்து, இயன்றவர் இயன்றதைப் போடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவரும் அறிய வேண்டாம்.

மூன்றாவது, பெண்மக்கள். இவர்களைக் கண்டுபிடிப்பதே பெரிதும் கடினம். வாழ்க்கைப்பட்ட ஊர் வேறு. பெயருக்கு முன்னுள்ள எழுத்தும் மாறிவிடுகிறது. அழைப்பிதழைத் தபாலிலே போட்டால் போதாது. உடன் படித்த பெண்கள் இருவர் நேரிலே அவர் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தார் முன்னிலையிலே, "இவள் எங்களோடு படித்தவள்; கணக்கிலே முதல் மதிப்பெண் வாங்கியவள்" என்று சொல்லி அழைக்க வேண்டும். அப்படி நாங்கள் அழைத்த ஓர் அம்மையாரின் பேரப்பிள்ளைகள், "ஆச்சி! நீ கணக்கிலே முதலா?" என்று வியந்து கேட்டார்களாம். ஐம்பதாண்டுக் காலம் அந்த வீட்டிலே யாருக்கும் அது தெரியாது.

நான்காவது, ஆளுக்கொரு மாலை. மாதந்தோறும் ஒரு தோழரின் வீட்டிலே நாலைந்து பேராவது கூடி, அவருடைய வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டு, இரண்டு பக்கத்துக்கு எழுதி வைக்கிறோம். பொன்னாடையும் மேடையும் வேண்டாம். காபியும் காராச்சேவும் போதும். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, பெயர்ப் புஸ்தகத்திலே ஒட்டிவிடுகிறோம். பெரும்பாலோர் முதலிலே, "என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பித்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து நிறுத்தியதில்லை.

ஐந்தாவது, துக்கம். தோழர் ஒருவர் இறந்தால், தகனத்துக்கு முன் ஊரிலுள்ளவர்கள் அனைவரும் போய் நிற்க வேண்டும். பதினாறாம் நாள் கழிந்தபின், எல்லோரும் வந்து போய் வீடு வெறிச்சோடிக் கிடக்கும்போது, மறுபடியும் ஒருமுறை போக வேண்டும். இந்த இரண்டாவது போக்கே முக்கியமானது. மாசியிலே காலமான என் தோழரின் வீட்டுக்கு நான் சித்திரையிலே போனேன். அவருடைய மனைவியார் என்னை அறியார். என் பெயரைச் சொன்னவுடன், "பேனா வாங்கினவுகளா?" என்று கேட்டார்கள். அந்தச் சிறு விஷயத்தை அவர் தம் மனைவியாரிடம் சொல்லியிருக்கிறார்! என்னை அவர் மறக்கவேயில்லை. அவருடைய பெயரை நான் என் பட்டியலிலே எழுதவேயில்லை.

முடிவுரை

சபையோர்களே! உங்கள் பொறுமையை அதிகம் சோதித்துவிட்டேன். இங்கே கூடியிருக்கும் இளைஞர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். உங்களுக்கு இப்பொழுது எல்லா வசதியும் உண்டு. ஒரு நொடியிலே உலகத்தின் மறுகோடியிலுள்ள தோழரின் முகத்தைக் கண்டு பேசுகிறீர்கள். ஆனால் உங்களோடு படித்து, இடையிலே நின்றுபோன ஒரு பிள்ளையின் பெயர் உங்களுக்கு ஞாபகமிருக்கிறதா? இன்றிரவு உறங்கப் போகுமுன் உங்கள் வருகைப் பதிவேட்டை முதல் எண்ணிலிருந்து சொல்லிப் பாருங்கள். எந்த எண்ணிலே தடுமாறுகிறீர்களோ, அந்த எண்ணுக்குரியவரை நாளைக்குத் தேடிப் போங்கள்.

எங்கள் வகுப்பார் மறுபடியும் வருகிற தை மாதத்திலே கூடப் போகிறோம். இந்தத் தடவை அழைப்பிதழ்களை எழுதுபவர் 31-ஆம் எண்ணார். பந்தியிலும் அவர் எங்களோடு உட்கார வேண்டும் என்பது எங்கள் கண்டிப்பான ஏற்பாடு. பாத்திரங்களை வேறு கடையிலே எடுத்துக்கொள்ளலாமென்று சொன்னோம். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. என்னைச் "சார்" என்று சொல்லலாகாதென்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழக்கத்தினால் சில சமயம் இன்னும் சொல்லிவிடுகிறார். அப்பொழுதெல்லாம் நான் "இருபத்திமூணு" என்று திருத்துகிறேன்.